கீமோ போட்டு லயத்துக்கு வந்த பிறகு: எதிர்ப்புச் சக்தி இறங்கும் நாட்களுக்கான முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது என்று சொன்ன நாளில் இருந்து நாலு வருஷம் அவரோடு கிளினிக்குக்கு அலைந்தேன். அதற்குப் பிறகு எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் யாராவது முதல் கீமோ போட்டுக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே தவறுகள்தான் நடக்கின்றன, அதுவும் பாசத்தில் செய்கிற தவறுகள்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை டொக்டர் தீர்மானிப்பார், அதை நான் தொடப் போவதில்லை. நோய் பரவிய ஒருவரின் உடம்பு கிருமியோடு சண்டை போட முடியாமல் இருக்கும் நாட்களில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மணிக்கணக்காகும் இடத்தில் இருக்கிற நாம் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. உடம்புக்குள் என்ன மாறியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு "காய்ச்சல் லேசாத்தானே இருக்கு" என்று காலைவரை காத்திருப்பார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு, நமக்கு இரண்டு போதும். நியூட்ரோபில் என்பது பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய் அதை விழுங்குவது. லிம்போசைட் என்பது வைரஸ் புகுந்த செல்லையும் கெட்டுப்போன நம் சொந்த செல்லையும் அடையாளம் கண்டு அழிப்பது. புற்றுநோய் பரவியவரிடம் இரண்டுமே அடிபடுகின்றன, வேறு வேறு வழியில்.

லிம்போசைட்டில் ஒரு பிரிவான டி செல்கள் மாதக்கணக்கில் கட்டியோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போகின்றன. போதாததற்குக் கட்டியின் செல்கள் பல நேரங்களில் தங்கள் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தை வைத்துக்கொண்டு, கிட்டே வருகிற டி செல்லின் பிரேக்கை அழுத்திவிடுகின்றன. எதிர்ப்பை அடக்குகிற வேறு செல்களும் கட்டியைச் சுற்றிச் சேர்ந்துவிடும். அதனால்தான் "எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று விற்கிற மாவையும் டொனிக்கையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம் என்று சொல்கிறேன். பிரேக் அழுத்தப்பட்டு நிற்கிற வண்டிக்கு இன்னும் பெட்ரோல் ஊற்றி என்ன பயன்?

நியூட்ரோபில்லின் கதை வேறு. அது எலும்பு மச்சையில் உற்பத்தியாகிறது, இரத்தத்தில் ஒரு நாள் அளவுதான் இருக்கும், ஆகவே தினமும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். நோய் எலும்புக்குப் பரவி மச்சையின் இடத்தைப் பிடித்தால் உற்பத்தி குறையும். கீமோ வேகமாகப் பெருகும் செல்களை அடிப்பதால் மச்சையும் அடிவாங்கும். வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் அதே மாதிரி வேகமாகப் பெருகுபவைதான். ஆக, காவல்காரன் இல்லாத அதே வாரத்தில் வேலியும் பிய்ந்து கிடக்கிறது.

இனிச் சொல்வதை மறக்கவே கூடாது. புண் சிவப்பது, வீங்குவது, சீழ் வைப்பது எல்லாம் பெரும்பாலும் நியூட்ரோபில் செய்கிற வேலை. சீழ் என்பதே பெரும் பங்கு செத்த நியூட்ரோபில்தான். அது இல்லாதவரின் உடம்பில் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டாலும் புண் சிவக்காமல், சீழ் வைக்காமல், சளியும் அதிகம் வராமல் இருக்கலாம். வெளியே தெரிகிற ஒரே அடையாளம் காய்ச்சலாக இருக்கலாம். உடம்பு சத்தம் போடாது, அதன் சார்பில் தெர்மோமீற்றரும் காலண்டரும்தான் சத்தம் போட வேண்டும்.

2. முதல் கீமோவுக்கு முன்பே சேர்த்து வைக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மோமீற்றர் இரண்டு. ஒன்றின் பற்றரி இரவு பன்னிரண்டு மணிக்குச் செத்துப்போனால் எந்தக் கடை திறந்திருக்கும்?

ஒரு கொப்பி. தேதி, நேரம், வெப்பநிலை, கொடுத்த மருந்து, வயிற்றோட்டம், வாந்தி, எல்லாம் அதில்.

கையளவு ஓர் அட்டை. கிளினிக்கில் இருக்கும் நேர்ஸிடம் கேட்டு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி வாங்குங்கள்: என்ன புற்றுநோய், எங்கெல்லாம் பரவியிருக்கிறது, என்ன கீமோ, கடைசியாகப் போட்ட தேதி, எந்த மருந்துக்கு அலர்ஜி, எந்த ஆஸ்பத்திரியின் எந்த வார்ட், கூப்பிட வேண்டிய நம்பர். ராத்திரி டியூட்டியில் இருக்கிற டொக்டருக்கு உங்கள் நோயாளியைத் தெரியாது. பதற்றத்தில் உங்களுக்கும் மருந்தின் பெயர் நினைவுக்கு வராது.

ஒரு பை: கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட்கள், அடையாள அட்டை, ஒரு மாற்று உடுப்பு, போர்வை, கொஞ்சம் காசு. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும்.

அப்புறம் வண்டி. இரண்டு ஆட்டோக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், ஒருவர் வராவிட்டால் மற்றவர். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் மேல் டிவிஷன் லயம்வரை வண்டி ஏற முடியுமா, எந்தச் சந்தியில் வந்து நிற்கச் சொல்வது என்பதைப் பகலிலேயே முடிவு செய்யுங்கள். மழைக் காலத்தில் மண்சரிந்து பாதை மூடினால் எந்தச் சுற்றுப் பாதை, எந்த ஆஸ்பத்திரி என்பதையும்.

3. காலண்டரில் நாளை எண்ணுங்கள்

கீமோ ஏறிய நாளை முதல் நாள் என்று வையுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெரும்பாலான கீமோக்களில் நியூட்ரோபில் ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில்தான் ஆகக் கீழே இறங்கும், பிறகு மெதுவாக ஏறி அடுத்த கீமோவுக்குள் சரியாகும். வாராவாரம் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு, அதை டொக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் தொங்கும் காலண்டரில் அந்த நாட்களைச் சிவப்பு பேனையால் வட்டமிடுங்கள். அந்த நாட்களில் இரவில் நோயாளியைத் தனியாக விடாதீர்கள், கோயில் திருவிழா, சடங்கு வீடு, சாவு வீடு, நெரிசலான பஸ் எதுவும் வேண்டாம்.

புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கீமோ போட்ட முதல் மூன்று நாலு நாள் வாந்தியும் அசதியுமாக இருப்பதால் வீடே பொத்திப் பொத்திப் பார்க்கும், ஏழாம் எட்டாம் நாளில் சாப்பாடு இறங்கி முகம் தெளிந்ததும் "இப்ப நல்லா இருக்காங்க" என்று எல்லாரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். முகம் தெளிகிற அந்த வாரத்தில்தான் இரத்தத்தில் அணுக்கள் ஆகக் குறைவு. எங்கள் அம்மா இரண்டாவது கீமோவின் ஒன்பதாம் நாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தோட்டக் கோயில் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார், பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல். கோயிலில்தான் தொற்றியது என்று என்னால் சொல்ல முடியாது, பெரும்பாலும் நம் உடம்பிலேயே குடலிலும் வாயிலும் இருக்கிற கிருமிதான் உள்ளே நுழைகிறது. ஆனாலும் அந்தக் காலண்டரில் நான் வட்டம் போட்டிருக்கவில்லை என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

4. இரத்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு கணக்கு

எஃப்பிசி, அதாவது இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, அதன் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் நியூட்ரோபில் சதவீதத்தைப் பார்ப்பார்கள். இரண்டையும் பெருக்கினால்தான் விஷயம் தெரியும்.

மொத்த வெள்ளை அணு 2,100, நியூட்ரோபில் 38 சதவீதம் என்றால், 2,100ஐ 38ஆல் பெருக்கி 100ஆல் வகுங்கள். 798 வரும். இதுதான் உண்மையான நியூட்ரோபில் எண்ணிக்கை. சில ரிப்போர்ட்டில் 2.1 என்று மட்டும் இருக்கும், பக்கத்தில் பத்தின் மூன்றாம் அடுக்கு என்று போட்டிருந்தால் அதை ஆயிரத்தால் பெருக்கி 2,100 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

1,500க்கு மேல் இருந்தால் பொதுவாகப் பயம் குறைவு. 1,000க்குக் கீழே இறங்கினால் கவனம் கூட வேண்டும். 500க்குக் கீழே என்றால் ஆபத்தான நிலை, அதிலும் பல நாள் அப்படியே நின்றால் இன்னும் ஆபத்து.

சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு வீட்டில் நியூட்ரோபில் 70 சதவீதம் என்று சந்தோஷமாகக் காட்டினார்கள், மொத்தம் 600தான் இருந்தது, கணக்குப் போட்டால் 420. இன்னொரு பக்கம், டெக்ஸாமெதசோன் மாதிரி ஸ்டீரொய்ட் எடுக்கிறவருக்கும் அணு ஏற்றும் ஊசி போட்டவருக்கும் எண்ணிக்கை திடீரென்று மேலே போகும், அதைப் பார்த்துவிட்டு நல்ல பலம் வந்துவிட்டது என்று எண்ணக் கூடாது.

அதே தாளில் லிம்போசைட்டையும் ஒருமுறை பாருங்கள். அது குறைந்தே இருப்பவர்களுக்கு அக்கி, காசநோய் போன்றவை எழும்ப வாய்ப்புக் கூட. இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் குறைந்திருந்தால் இரத்தம் கசிகிறதா என்று கவனியுங்கள்.

5. காய்ச்சல் பார்க்கும் முறை

காலையும் மாலையும், சிவப்பு வட்ட நாட்களில் கூடுதலாக மத்தியானமும், அதைவிட முக்கியமாக உடம்பு சரியில்லை என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும்.

நாக்குக்கு அடியில் வைத்து வாயை மூடச் சொல்லுங்கள். தேத்தண்ணி குடித்து இருபது நிமிஷமாவது போன பிறகு பாருங்கள், சூடான தேத்தண்ணி தெர்மோமீற்றர் காட்டும் எண்ணை ஏற்றும், பச்சைத் தண்ணீர் இறக்கும். வாய் முழுக்கப் புண் என்றால் கக்கத்தில் வையுங்கள், ஆனால் கக்கத்தில் வாயைவிட அரை டிகிரி வரை குறைவாகக் காட்டலாம், வெளிக்குளிரில் நின்றுவிட்டு வந்தவருக்கு இன்னும் குறையும். ஆசனவாயில் ஒருபோதும் வைக்காதீர்கள். அங்கே சிறு கீறல் விழுந்தாலும் கிருமி நேராக இரத்தத்துக்குப் போகும். எனிமாவும் பின்வழி மருந்தும் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான். மோர்பின் எடுக்கிறவர்களுக்கு மலம் இறுகும், முக்க முக்க அங்கே வெடிப்பு விழும், ஆகவே மலமிளக்கியை மருந்தோடு மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட். இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதைத் தொட்டால் ஏழாம் பகுதிக்குப் போங்கள். உங்கள் டொக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான்.

மலைநாட்டில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. நுவரெலியா, மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மார்கழி தை மாதங்களில் எல்லாருக்கும்தான் குளிர்கிறது, நோயாளி "குளிருதுப்பா" என்றால் இன்னொரு கம்பளியைப் போர்த்தி அடுப்பங்கரையில் உட்கார வைப்போம். கிருமி இரத்தத்தில் ஏறும்போது வருவதும் குளிர்தான். வித்தியாசம் இருக்கிறது: பல் கிட்டி, கட்டில் ஆடுகிற மாதிரி உடம்பு உதறி, போர்த்தினாலும் அடங்காமல் இருந்தால் அது பனிக்குளிர் இல்லை. அப்போது தெர்மோமீற்றர் 37.4 காட்டினாலும் நம்பாதீர்கள், காய்ச்சல் ஏறுவதற்கு முன் நடுக்கம்தான் முதலில் வரும். நடுக்கம் வந்தாலே புறப்படுங்கள்.

இன்னொரு பொறி பனடோல் (பாரசிட்டமோல்). எலும்புக்குப் பரவியவர்களுக்கு வலிக்காக ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பனடோல் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் காய்ச்சல் பார்த்து எழுதுங்கள், பிறகு கொடுங்கள்.

6. காம்பராவுக்குள்ளும் வெளியிலும் கிருமியைக் குறைப்பது

தண்ணீர். பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு மூடி வையுங்கள். குடிக்க மட்டும் கொதித்த தண்ணீர், பல் விளக்கவும் வாய் கொப்பளிக்கவும் நேராகப் பீலியில் என்று இருக்கிற வீடுகள் நிறைய. வாயில் புண் இருக்கும்போது அதுவும் குடித்த மாதிரிதான்.

வாய். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் கொப்பளிக்கட்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். மென்மையான பிரஷ் போதும், வேப்பங்குச்சியும் கரியும் உப்புத்தூளும் வேண்டாம், ஈறைக் கிழிக்கும். வெற்றிலையும் வேண்டாம். நாக்கில் வெள்ளையாகப் படர்ந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், கிளினிக்கில் காட்டுங்கள், தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள்.

சாப்பாடு. இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பலம் வரட்டும் என்று காலையில் முட்டைக்கோப்பி அடித்துக் கொடுப்பார்கள், அதில் முட்டை சரியாக வேகாது. வல்லாரைச் சம்பலும் பச்சையாகப் போடுகிற மற்றச் சம்பல்களும், பஸ் ஸ்டாண்டில் வெட்டி வைத்த அன்னாசியும், கொதிக்காத பசும்பாலும் அந்த நாட்களில் வேண்டாம். மறுபக்கம், முட்டை சூடு, மீன் ஆகாது, கோழி கிரந்தி என்று எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் பாணும் மட்டும் கொடுக்கிற வீடுகள். அணுக்கள் உற்பத்தியாகப் புரதம் வேண்டும். நன்றாக வெந்த முட்டை, மீன், கோழி, பருப்பு, வதக்கிய கீரை, தோல் உரித்த வாழைப்பழம் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கடுமையான பத்தியம் வைத்தவர்களுக்குத் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, சமைக்கிற கையின் சுத்தமும் நன்றாக வேக வைப்பதும்தான் விஷயம். காலையில் ஆக்கியதை மூடி வைத்து இரவுக்குக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

மண். லயத்துப் பின்னால் உள்ள தோட்டத்தில் கரட்டோ லீக்ஸோ போட்டிருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அம்மாவும் அப்படித்தான். மாட்டுச் சாணத்திலும் உக்கிய உரத்திலும் பூஞ்சை வித்துகள் பறக்கும், அதைக் கிளறுகிற வேலை மட்டும் வேறொருவர் செய்யட்டும். செருப்பில்லாமல் மண்ணில் இறங்க விடாதீர்கள். மழை நாளில் அட்டை கடித்தால் இரத்தம் நிற்காமல் வரும், பிளேட்லெட் குறைந்தவருக்கு இன்னும் நேரம் எடுக்கும், இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் ஓரத்தில் தள்ளிக் கழற்றி, சோப்பால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

ஆட்கள். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் தனி அறை பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை. செய்யக்கூடியது இதுதான்: இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வையுங்கள், வேலையில் இருந்து வருகிறவரும் பள்ளிக்கூடத்தில் இருந்து வருகிற பிள்ளையும் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் இஸ்தோப்பில் இருந்தே பேசட்டும், தடிமன் இருமல் உள்ளவர் இன்னொரு நாள் வரட்டும். கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்காதீர்கள், "டொக்டர் சொல்லியிருக்காங்க" என்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை. விறகடுப்புப் புகை வராத பக்கமாகக் கட்டிலைப் போடுங்கள்.

பக்கத்துக் காம்பராவில் யாருக்காவது அம்மை போட்டால் அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். நோயாளிக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருந்தால், முன்கூட்டிக் கொடுக்கிற மருந்துக்கான நேரம் போய்விடும்.

7. காய்ச்சல் வந்துவிட்டால்: இந்த வரிசை

முதலில், எண்ணையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். காய்ச்சலை அமர்த்தப் பனடோல் கொடுக்காதீர்கள், வார்டுக்குப் போன் செய்தால் அவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது, வண்டியைக் கூப்பிடுங்கள். போன் பேசிக்கொண்டே ஆட்டோ ஏற்பாடு நடக்கட்டும், ஒன்று முடிந்து ஒன்று என்று நிற்க வேண்டாம்.

மூன்றாவது, எங்கே போவது. தோட்டத்து டிஸ்பென்சரியில் நிறுத்தி மாத்திரை வாங்கி வருவதில்லை. அதே நேரம், கீமோ போட்டது மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் என்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாக நாலைந்து மணித்தியாலம் பஸ்ஸிலோ வேனிலோ அங்கே போகவும் கூடாது. நரம்பில் அன்டிபயோட்டிக் போட வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எதுவோ அங்கே போங்கள், டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி என்று உங்களுக்குக் கிட்டியது. முதல் மருந்து ஏறிய பிறகு மாற்றி அனுப்புவதை டொக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்குள் வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கிற இலக்கு, ஏனென்றால் அணு இல்லாத உடம்பில் கிருமி மணிக்கணக்கில் பெருகி இரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடும்.

நாலாவது, வாசலில் என்ன சொல்வது. அம்மாவை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது நான் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னேன். துண்டு கொடுத்து வரிசையில் உட்கார வைத்தார்கள், மூன்று மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்தோம், அம்மாவின் உள்ளங்கை குளிர்ந்துகொண்டே போனதை என் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிற வசனம் இது: "கீமோ போட்டுப் பத்தாவது நாள், காய்ச்சல் 38.4." சிங்களத்தில், "கீமோ தீலா தவஸ் தஹயய், உண தியெனவா." இதைச் சொல்லிக்கொண்டே அட்டையை நீட்டுங்கள். கீமோ என்ற சொல்லும் நாளும் முதல் மூச்சிலேயே வர வேண்டும். வரிசையில் உட்காரச் சொன்னால், உட்காராமல், மரியாதையாக மறுபடியும் அதையே நேர்ஸிடம் சொல்லுங்கள்.

ஐந்தாவது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எஃப்பிசி எடுத்தாச்சா, அன்டிபயோட்டிக்குக்கு முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தாச்சா. கல்ச்சர் முடிவு வர நாளாகும், அதற்காக மருந்து காத்திருக்காது, ஆனால் முதலே எடுத்தால்தான் எந்தக் கிருமி என்று பிறகு தெரியும்.

வழக்கமாக நடக்கிற தவறு ஒன்று. கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார்கள், திருநீறு பூசுவார்கள், காலையில் பார்ப்போம் என்பார்கள். கொத்தமல்லித் தண்ணியால் கெடுதல் இல்லை, திருநீறும் பூசுங்கள், ஆட்டோவில் போகும்போது பூசலாம். காலைவரை காத்திருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. டெங்கு பரவும் காலத்தில் "டெங்குவா இருக்கும், மூணு நாள் பார்ப்போம்" என்பதும் இதே மாதிரி ஆபத்து.

8. காய்ச்சலே காட்டாத தொற்று

வயதானவர்களிடமும், மூளைக்கோ முள்ளந்தண்டுக்கோ பரவியதற்காக டெக்ஸாமெதசோன் எடுப்பவர்களிடமும் காய்ச்சல் வராமலே தொற்று முற்றலாம். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருப்பது, பேச்சு குழம்புவது, மூச்சு வேகமாக வாங்குவது, காலையில் இருந்து சிறுநீர் போகாமல் இருப்பது, கை கால் குளிர்ந்து வியர்ப்பது, வயிறு இறுகி வலிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தெர்மோமீற்றரைப் பார்க்காமல் புறப்படுங்கள்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு வரிசையாகக் கொப்புளம் போட்டால் அது அக்கி. காவி பூசி நாளைக் கடத்தாதீர்கள், வைரஸ் மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இரவு வியர்வையும் இருந்தால், நோய் நுரையீரலுக்குப் பரவியதால்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் சளிப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

9. அணு ஏற்றும் ஊசி, ஸ்டீரொய்ட், தடுப்பூசி

ஃபில்கிராஸ்டிம் ஊசி வீட்டுக்குத் தந்தால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பனிக்கட்டி மேல் நேராகப் படுக்க வைத்தால் உறைந்து கெட்டுவிடும், துணியில் சுற்றிப் பிளாஸ்கில் கொண்டு வாருங்கள், யார் வீட்டு பிரிட்ஜில் வைப்பது என்பதை முன்பே பேசுங்கள். குலுக்காதீர்கள். கீமோ முடிந்து 24 மணித்தியாலம் போகாமல் போடக் கூடாது, புதிதாகப் பிறக்கும் அணுக்களைக் கீமோ மறுபடியும் அடித்துவிடும். ஊசிக்குப் பிறகு இடுப்பிலும் முதுகிலும் வலி எடுக்கும், மச்சை வேலை செய்வதால் வருகிற வலி அது, நோய் கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் கால் மரத்தாலோ நடக்க முடியாமல் போனாலோ அது வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.

ஸ்டீரொய்ட்டைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். சீனி வருத்தம் இருந்தால் சீனி ஏறும், அதைப் பாருங்கள். வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்து வளர்ந்தவர் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். பாதத்தின் வழியாக உடம்புக்குள் ஏறும் ஸ்ட்ரோங்கிலொயிட்ஸ் என்ற புழு வருஷக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, ஸ்டீரொய்ட் கொடுத்ததும் உடம்பு முழுக்கப் பரவலாம்.

உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தடுப்பூசிகள் நோயாளிக்குக் கூடாது. ஃப்ளூ ஊசி போன்றவற்றைப் போடலாம், எந்த நாளில் என்பதை டொக்டர் சொல்வார். வீட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசியைப் பயந்து நிறுத்துகிறார்கள், அது தவறு, பிள்ளைக்கு நோய் வந்தால்தான் நோயாளிக்கு ஆபத்து. போலியோ சொட்டு போட்ட குழந்தையின் துணியை மட்டும் சில வாரத்துக்கு வேறொருவர் மாற்றட்டும்.

10. இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு

பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் முதலில் சொன்ன அந்தப் பிரேக்கை விடுவிக்கின்றன. விடுவித்ததும் டி செல் கட்டியை மட்டுமல்லாமல் குடல், நுரையீரல், ஈரல், தைரொய்ட், தோல் எதையும் தாக்கலாம். கடைசி மருந்து போட்டு மாதங்கள் கழித்தும் வரலாம்.

ஆகவே இவர்களுக்கு வயிற்றோட்டம் என்றால் மாதுளம் தோல் கசாயம் கொடுத்துப் பார்ப்பதில்லை, இருமல் என்றால் சிரப் வாங்குவதில்லை. கண் மஞ்சளித்தாலும் மூச்சு வாங்கினாலும் அசதியில் எழும்ப முடியாமல் போனாலும் அன்றே டொக்டருக்குச் சொல்லுங்கள். அட்டையில் வெறுமனே "கீமோ" என்று மட்டும் எழுதாமல் மருந்தின் பெயரோடு "இம்யூனோதெரபி" என்றே எழுதி வாங்குங்கள், இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

11. வார்டில் இருந்து வந்த பிறகு

அன்டிபயோட்டிக் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் கடைசி மாத்திரைவரை கொடுங்கள்.

அப்புறம் கிளினிக் நாள். கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் இடையில் வந்த காய்ச்சலை மறைக்கிற நோயாளிகள் இருக்கிறார்கள். எங்கள் அம்மாவே மறைக்கப் பார்த்தார், "சொல்லாத, அடுத்தது தள்ளிப்போயிடும்" என்று கொப்பியைச் சேலைக்குள் வைத்துக்கொண்டார். கொப்பியை வாங்கி டொக்டரிடம் கொடுத்தேன். அவர் தேதிகளைப் பார்த்துவிட்டு அடுத்த கீமோவை ஒரு வாரம் தள்ளி, அளவைக் கொஞ்சம் குறைத்து, அணு ஏற்றும் ஊசியும் எழுதினார். அடுத்த நாலு தடவையும் காய்ச்சல் வரவில்லை. உங்கள் கொப்பியையும் டொக்டரின் மேசையில், காய்ச்சல் எழுதியிருக்கிற பக்கத்தைத் திறந்தே வையுங்கள்.